பதிவேட்டில் வராத வாசகர்கள்

சென்ற மாதம் நடந்த நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் நூலகத்தைப் பற்றி ஒரு யோசனை வந்தது. ஆறு பீரோக்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நான்கையும் காலி செய்துவிட்டால், அந்த அறையில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்தலாம் என்பது யோசனை. இடப் பற்றாக்குறை எனக்கும் தெரியும். மும்பையில் ஒரு எட்டடிச் சுவர் சும்மா இருந்தால் அதற்கு வாடகை என்ன வரும் என்று கணக்குப் போடாதவர் யார்? அதில் எனக்குச் சண்டை இல்லை. எந்த நான்கு பீரோ என்பதில்தான் சண்டை. கவிதையும் தன்வரலாறும் முதலில் போக வேண்டுமாம். சமையல், உடல்நலம், வேலைவாய்ப்பு, சுயமுன்னேற்றம் முதலான ‘உபயோகமுள்ள’ புத்தகங்கள் இருக்கலாமாம். இனிமேல் வாங்குவதும் அவற்றை மட்டும்தானாம்.

இதற்கெல்லாம் ஆதாரமாக மேஜைமேல் வைக்கப்பட்டது நான் எழுதிய பதிவேடு. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

2004-லிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை அந்த நூலகத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். யார் என்ன எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தந்தார் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டைப் பார்த்தால் செயற்குழு சொல்வது முழுக்கச் சரி. சமையல் புத்தகங்களுக்குப் பக்கம் பக்கமாகக் கையெழுத்து. கவிதைக்கு ஒரு வருஷம் முழுவதும் சேர்த்து அரைப் பக்கம் தேறினால் அதிகம். “டீச்சர், இது நாங்க சொல்றதில்ல, நீங்களே எழுதி வச்சிருக்கீங்க” என்று செயலாளர் தம்பி சிரித்தபோது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரவு இரண்டு மணிக்குத்தான் வந்தது. அடுத்த மாதம் பொதுக்குழு கூடுவதற்குள் அதை எல்லோரும் படிக்கட்டும் என்று நம் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

முதலில், கவிதை ஏன் வீட்டுக்குப் போவதில்லை என்று சொல்லிவிடுகிறேன். நாவலைப் போல அதை எடுத்துப் போய் மூன்று வாரம் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. நின்றபடியே நாலு கவிதை படித்துவிடலாம். அப்படித்தான் படிக்கிறார்கள். பீரோக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பையைத் தோளிலிருந்து இறக்காமல், பத்து நிமிஷம். பிறகு ஒரு சமையல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பதிவேட்டில் வருவது சமையல்.

இன்னொரு காரணமும் உண்டு. சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000-ல் வந்த தொகுப்பு. நம்மிடம் ஒரு பிரதி இருக்கிறது. அதைத் தொடர்ந்து ஐந்தாறு ஞாயிறு இரண்டு பீரோக்களுக்கு நடுவில் நின்று படித்தார் ஒரு பெண். இரண்டு குழந்தைகளின் தாய். “எடுத்துட்டுப் போயி நிதானமாப் படியேம்மா” என்றேன். “வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது டீச்சர். எங்க அத்தை பிரிச்சுப் பாப்பாங்க” என்றார். அதில் தப்பாக ஒன்றும் இல்லை. ஒரு பெண் தன் வீட்டுக்குள் இருந்துகொண்டு நினைப்பதைத் தன் சொல்லில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அதை எழுதியவரே வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டாருக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதியவர். அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் ஓரத்தில் மங்கலாகிவிட்டன. பதிவேட்டில் அதற்கு நேராக ஒரே ஒரு பெயர் இருக்கிறது. அது என் பெயர்.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் 31 வருஷம் ஆசிரியையாக இருந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இங்கே பிறந்து ஆங்கிலத்திலோ மராத்தியிலோ படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருந்தாலும் வேகம் வராது. அம்மா மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்த அ, ஆ, க, ங அது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்க வேண்டும். அவர்களிடம் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தைக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். போயும் இருக்கிறார்கள். ஆனால் எட்டு வரிக் கவிதையைக் கூட்டி வாசித்து முடித்துவிடலாம். முடித்தேன் என்ற நிறைவு இருக்கிறதே, தமிழில் அந்த நிறைவு அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

சைக்கிளில் இட்லி விற்கும் ஒருவரின் மகள், பி.காம். படிக்கிறவள், இரண்டு வருஷத்துக்கு முன் வந்தாள். பீரோவிலேயே ஒல்லியான புத்தகம் எது என்று பார்த்துக் கல்யாண்ஜி கவிதைகளை எடுத்தாள். ஒல்லி என்பது ஒன்றுதான் காரணம். வண்ணதாசன் என்ற பெயரில் கதை எழுதுபவரும் அவர்தான், அவர் திருநெல்வேலிக்காரர், உங்கள் தாத்தா ஊருக்குப் பக்கம் என்று நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மூன்று வாரம் கழித்து வந்து, “தாழ்வாரம்னா என்ன டீச்சர்?” என்றாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க வாசல்ல மழைக்கு அப்பா தகரம் இறக்கியிருக்காரே, அதுக்குக் கீழ நிக்கற இடமா?” என்றாள். நான் 31 வருஷம் பாடப் புத்தகத்தில் அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டேன். ஒரு சொல் இப்படி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நம் பெரியவர்கள் சிலர் கேட்பார்கள்: எதுகை இல்லை, மோனை இல்லை, இதெல்லாம் கவிதையா? கேட்கட்டும். இந்தக் கேள்விக்கு வயது ரொம்ப ஆகிவிட்டது. சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையை 1959-ல் தொடங்கி ந. பிச்சமூர்த்தி முதலானவர்களின் கவிதைகளை வெளியிட்டபோதே கேட்கப்பட்ட கேள்வி. 1973-ல் ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ வந்தபோதும் கேட்டார்கள். எனக்கு மரபுக் கவிதையின்மேல் பகை கிடையாது. கம்பனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் சந்தி பிரித்துப் படிக்கத் தெரியாத ஒரு பெண், பேச்சுச் சொல்லில் எழுதிய எட்டு வரி வழியாகத்தான் உள்ளே வர முடியும் என்றால், அந்த வாசலை அடைக்கவா?

அதற்காகப் புதுக்கவிதை என்று அச்சாகிற எல்லாவற்றுக்கும் நான் வக்கீல் இல்லை. ஒரு வாக்கியத்தை நாலாக ஒடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கவிதை என்று நினைப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. (நம் ஆண்டு மலரிலும் உண்டு. பொங்கல் என்றால் ‘பொங்குக’, தீபாவளி என்றால் ‘ஒளிர்க’. ஆசிரியர் குழு மன்னிக்கவும்.) அன்னையே, தமிழே, நிலவே என்று கூப்பிடுகிற கவிதையைப் பீரோ முன்னால் நிற்பவர்கள் இரண்டாவது வரியில் மூடிவிடுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். அவர்கள் நின்று படிப்பது, எழுதியவர் எதையோ பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறார் என்று தெரிகிற கவிதையை. அது ஒரு காக்கையாக இருக்கலாம், குழாயடியாக இருக்கலாம், ஆஸ்பத்திரி வராந்தாவாக இருக்கலாம். தங்களுக்குத் தெரிந்த பொருளைத் தாங்கள் பார்க்காத பக்கத்திலிருந்து யாரோ பார்த்துச் சொன்னால், அந்தப் பக்கத்தின் மேல் மூலையை மடித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். மடிக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. இப்போது அந்த மடிப்புகள்தான் எனக்குச் சாட்சி.

ஊரைவிட்டு வந்த கவலையைப் பாடுகிற கவிதைகள் நம்மில் பலருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஈழத்துக் கவிஞர்களின் ‘மரணத்துள் வாழ்வோம்’ என்ற தொகுப்பு 1985-ல் வந்தது. அதைப் படித்தபின் எனக்கு ஒரு கூச்சம் வந்துவிட்டது. நான் படுக்கை வசதி முன்பதிவு செய்து ரயிலில் வந்தவள். திரும்பிப் போக நினைத்தால் அதே ரயில் இருக்கிறது. நம் கவிஞர்கள் ‘புலம்பெயர்ந்தோம்’ என்று எழுதும்போது இந்த வித்தியாசம் மனத்தில் இருந்தால் நல்லது.

தன்வரலாறுகளுக்கு வருகிறேன். பதிவேட்டில் இவற்றின் கணக்கு நடுத்தரம். ஆனால் ஒரு புத்தகம் ஒரு பெயரில் போய் ஒரு வீட்டில் மூன்று பேர் படித்துவிட்டு வருகிறது. கண்ணதாசனின் ‘வனவாசம்’ அப்படிப் போய்ப் போய் அட்டை கிழிந்து, நானே பழைய காலண்டர் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு கவிஞர் தன் பலவீனங்களை மறைக்காமல் எழுதினார் என்பதற்காகவே அதைத் தேடி வருகிறார்கள்.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பெரிய புத்தகம். ஆனந்த விகடனில் 1940-லிருந்து தொடராக வந்து, 1942-ல் அவர் காலமானதால் பாதியில் நின்று, 1950-ல் நூலானது. அதை யார் படிப்பார்கள் என்று கேட்டார்கள். படிக்கிறார்கள். எந்த இடத்தைப் பற்றி வந்து பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம். ஏடு தேடிப் பதிப்பித்த பெருமைகளைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் போய்ப் பார்க்கிற இடம் இருக்கிறதே, அதைப் பேசுகிறார்கள். ஐயருக்கு அப்போது வயது 25. கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கடைசியில் இவற்றால் என்ன பயன், சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டுவிடுகிறார். இவர் படித்ததில்லை. அந்த இடத்தில் தான் எவ்வளவு சின்னதாகிப் போனேன் என்பதை, எண்பத்தைந்து வயதுக் கிழவர், ஊரெல்லாம் தமிழ்த் தாத்தா என்று கொண்டாடுகிற காலத்தில், ஒளிக்காமல் எழுதுகிறார். 1887-ல் சிந்தாமணிப் பதிப்பு வந்ததற்கு அந்த அவமானம்தான் விதை. பேட்டிக்குப் போய் விழித்துவிட்டு வந்த பையன் ஒருவன் இந்த இடத்தை என்னிடம் இரண்டு தடவை சொன்னான். சுயமுன்னேற்றப் பீரோவில் அவனுக்கு அது கிடைக்கவில்லை.

பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தது. சின்னப் புத்தகம். ஊர்ப் பேச்சில் எழுதியது. பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் இருக்க நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் போவதைச் சிறுமி பார்த்துச் சிரிக்கிற இடத்தை, படித்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். என் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த மராத்தி ஆசிரியை, தயா பவாரின் ‘பலுதம்’ 1978-ல் வந்தபோது அவர்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளைகளும் மாறி மாறிப் படித்துச் சண்டை போட்டுக்கொண்டதைச் சொல்லியிருக்கிறார். நமக்குப் பக்கத்துத் தெருவில், பக்கத்து மொழியில் இப்படி ஒரு வரிசையே இருக்கிறது என்று நமக்கு யார் சொன்னார்கள்? ‘கருக்கு’ எடுத்துப் போன ஒரு வங்கி ஊழியர் திருப்பித் தரும்போது ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து, “அதை இன்னொரு தடவை எடுத்துக்கலாமா? எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்” என்றார். நாங்கள் வருஷக்கணக்காகச் சங்க விழாவில் பார்த்துக்கொள்பவர்கள். அவர் அம்மா எந்த ஊரில், எந்தத் தெருவில் வளர்ந்தவர் என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

தன்வரலாறு பற்றி நம் சங்கப் பெரியவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நம்மில் நாலைந்து பேர் தங்கள் வாழ்க்கையை எழுதிச் சொந்தச் செலவில் அச்சிட்டிருக்கிறார்கள். எல்லாம் பீரோவில் இருக்கின்றன. எந்த வருஷம் எந்தப் பதவி, எந்தப் பிரமுகருடன் எந்தப் படம், யார் போர்த்திய பொன்னாடை. நூற்றிருபது பக்கத்தில் அவர்கள் ஒரு தடவைகூடத் தடுக்கி விழவில்லை.

அதில் ஒருவர் தெற்கத்திக்காரர், ஓட்டல் வைத்திருந்தவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கையெழுத்துப் பிரதியை என்னிடம் பிழை திருத்தக் கொடுத்தார். திருத்திக் கொடுக்கப் போன அன்று டீ குடித்துக்கொண்டே பேச்சு 1960-களுக்குப் போனது. 1966-ல் சிவசேனை தொடங்கியபின் தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே கிளர்ச்சி நடந்தது, ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அண்ணாச்சி அப்போது வேறொருவர் ஓட்டலில் டம்ளர் கழுவுகிற பையன். கடையை இரண்டு நாள் சாத்திவிட்டார்கள். பின்கட்டில் குடியிருந்த ஒரு மராத்திப் பாட்டி இவரையும் இன்னும் இரண்டு பையன்களையும் தன் ஒற்றை அறையில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இரண்டு நாளும் பாக்ரி சுட்டுப் போட்டிருக்கிறார். பிறகு அந்தப் பாட்டியின் பேத்தி கல்யாணத்துக்கு அண்ணாச்சி பந்தி முழுவதும் தானே பரிமாறியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. “அண்ணாச்சி, இது பிரதியில இல்லையே” என்றேன். “அதெல்லாம் எதுக்கு டீச்சரம்மா? எச்சி டம்ளர் கழுவுனத எழுதவா? பழைய சண்டையக் கிளறவா?” என்றார். அந்தப் பத்து நிமிஷத்துக்காக மற்ற நூற்றிருபது பக்கத்தையும் நான் மன்னித்திருப்பேன். அவர் இப்போது இல்லை. புத்தகம் இருக்கிறது. பாட்டி அதில் இல்லை.

நூலகத்துக்கு வருகிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். சின்னதாகிப் போன இடம், பயந்த இடம், யாரோ கை கொடுத்த இடம். முதல் அறைக்கு வாடகை எவ்வளவு, எத்தனை பேர் முறை வைத்துத் தூங்கினீர்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும். இன்னும் எழுதாத பெரியவர்கள் தயவுசெய்து இதை எழுதுங்கள். பொன்னாடையைக் கடைசி அத்தியாயத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இனி ‘உபயோகமுள்ள’ புத்தகங்கள். நான் அவற்றுக்கு விரோதி என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. அது பொய். 1983-ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது என் பெட்டியில் இருந்த ஒரே புத்தகம் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. என் பள்ளித் தலைமையாசிரியை கொடுத்த கல்யாணப் பரிசு. 1951-ல் முதலில் வந்த நூல் அது. வெளியூரில் குடித்தனம் போட்ட உறவுக்காரப் பெண்கள் இது எப்படி, அது எப்படி என்று கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்ததால், அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் எல்லாவற்றையும் எழுதிப் புத்தகமாகவே போட்டுவிடு என்று சொல்லி எழுதவைத்தது என்பார்கள். அதாவது, நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களுக்காகவே பிறந்த புத்தகம். இந்தியாவில் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்ததே 1956-ல். என்னிடம் இருந்த பிரதியில் ஆழாக்குக் கணக்கு. படியில் எட்டில் ஒரு பங்கு. பம்பாயில் ஆழாக்குக்கு எங்கே போவது? ஊரிலிருந்து ஒரு ஆழாக்கை வரவழைத்து, அதில் தண்ணீரை அளந்து ஊற்றி, வீட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களில் எது சரியாக நிறைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அந்த டம்ளர் இன்றைக்கும் இருக்கிறது. அதில் யாருக்கும் காப்பி கொடுப்பதில்லை.

அந்தப் புத்தகத்தில் மீன் குழம்பு கிடையாது. எங்கள் வீட்டுக்கு அது பாதிப் புத்தகம்தான். ஆனாலும் நான் அதை நம்பினேன். எவ்வளவு, எத்தனை நேரம், எந்த நிறம் வந்தால் இறக்க வேண்டும் என்று, ஒன்றும் தெரியாதவளிடம் பேசுவதைப் போல அந்த அம்மாள் பேசினார். ‘தேவையான அளவு’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளவில்லை. கிண்டத் தெரிந்தவர்களுக்குத்தான் ‘தேவையான அளவு’ தெரியும். தெரியாதவர்களுக்குத்தானே புத்தகம்?

நூலகத்தில் உள்ள சமையல் புத்தகங்களில் எது உண்மையில் உபயோகப்பட்டது என்று பார்க்கப் பதிவேடு தேவையில்லை. மஞ்சள் கறை போதும். கறை பட்ட பக்கங்களின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்: சோம்பு என்றால் இங்கே படிஷேப், கொத்தவரங்காய்க்குக் கவார், புழுங்கலரிசிக்கு உக்டா என்று கேட்க வேண்டும். ஒரு புத்தகத்தில் மூன்று வெவ்வேறு கையெழுத்து. ‘இந்த ஊர் அரிசிக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைக்கவும்’ என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே ‘சரி, குறைத்தேன், நன்றாக வந்தது’ என்று இன்னொருவர். முகம் தெரியாத இரண்டு பெண்கள்.

கறை படாத சமையல் புத்தகங்களும் நிறைய இருக்கின்றன. பளபளவென்று படம் போட்டவை. அடிக்கடி எடுத்துப் போகிறார்கள், அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பதிவேட்டில் இவைதான் முதலிடம்! சுயமுன்னேற்றப் புத்தகங்களிலும் இதே கதை. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலில் அடிக்கோடு இல்லாத பக்கம் இல்லை. பின்னால் வந்த ‘பத்தே நாளில்’, ‘ஏழே படியில்’ வகையறாக்களில் முதல் இருபது பக்கம் வரை விரல் பட்டிருக்கும். அதற்கு மேல் அச்சகத்து வாசனை.

இன்னொன்றையும் பொதுக்குழு கவனிக்க வேண்டும். உபயோகமுள்ள புத்தகங்கள்தான் சீக்கிரம் உபயோகமில்லாமல் போகின்றன. வேலைவாய்ப்புப் பீரோவைத் திறந்து பாருங்கள். ரத்தான தேர்வுகளுக்கு வழிகாட்டி, 1998-ஆம் வருஷத்து வருமான வரி விளக்கம், ஃபேக்ஸ் கடை வைப்பது எப்படி. இப்போது சமையலுக்கும் சர்க்கரை வியாதிக்கும் ஆளுக்கொரு செல்போன் கையில் இருக்கிறது. 2020 ஊரடங்குக்குப் பிறகு சமையல் புத்தகம் கேட்டு வருகிற இளம் பெண்கள் குறைந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். எங்களை நம்பி இரண்டு பீரோவை ஒதுக்குவது புத்திசாலித்தனமா என்று யோசியுங்கள்.

பீரோ குறைந்தே தீர வேண்டுமானால் குறையட்டும். முதலில் காலாவதியான வழிகாட்டிகளை எடுக்கலாம். கறை படாத சமையல் புத்தகங்கள் அடுத்து. ஒரே கவிஞர் அன்பளிப்பாகத் தந்த பதினான்கு பிரதிகளில் பதின்மூன்றைக் கட்டி ரத்திக்காரரிடம் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன், பாவம் என்னைச் சேரட்டும். அப்படிப் பார்த்தாலே இரண்டு பீரோ காலியாகிவிடும் என்பது என் கணக்கு. மூன்றாவதற்கும் இடுக்கிப் பிடித்து வழி செய்யலாம். நான்காவதைக் கேட்காதீர்கள்.

புதிதாக வாங்கும்போது நான் செய்வது ஒன்று உண்டு. எந்த வகைப் புத்தகமானாலும் நடுவில் பிரித்து ஒரு பக்கம் படிப்பேன். எழுதியவர் அந்த இடத்துக்குப் போய்விட்டு வந்தவர்தானா என்று அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆழாக்குக் கணக்கானாலும் சரி, முன்சீப் முன்னால் விழித்த கதையானாலும் சரி, தாழ்வாரத்தில் விழுந்த வெயிலானாலும் சரி, போய்விட்டு வந்தவர் ‘தேவையான அளவு’ என்று எழுத மாட்டார். எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன். இந்தச் சோதனையில் சில பெரிய பெயர்களும் தோற்றிருக்கின்றன. அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேட்டால் சொல்வேன்.

பொதுக்குழு அன்று பதிவேட்டோடு கூட ஒரு பையும் கொண்டுவரப் போகிறேன். மூலை மடிந்த கவிதைப் புத்தகங்கள் ஆறு, காலண்டர் தாள் ஒட்டிய ‘வனவாசம்’, மஞ்சள் கறை பட்ட சமையல் புத்தகங்கள் மூன்று. மேஜைமேல் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே அவற்றையும் வைக்கிறேன். ஓட்டுப் போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு தடவை கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள், போதும்.

‘கருக்கு’ அந்தப் பையில் இருக்காது. ஜனவரியில் எடுத்துப் போன அன்பர் இன்னும் திருப்பித் தரவில்லை. மூன்று பேர் காத்திருக்கிறார்கள். இதைப் படித்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடவும். அபராதம் வேண்டாம்.